புதிதாகத் தலைமையாசிரியர் ஆனவருக்கு மென்டார் வேண்டுமா, கோச் வேண்டுமா?

கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியை கேட்டிருக்கிறார். பட்டதாரி ஆசிரியராக இருந்தவர், பதவி உயர்வில் பக்கத்து ஊர் அரசு உயர்நிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியராகப் போயிருக்கிறார். அங்குள்ள கணக்கு ஆசிரியர் வயதிலும் சர்வீஸிலும் மூத்தவர், பதவி உயர்வு வேண்டாமென்று எழுதிக் கொடுத்தவர். எதைச் சொன்னாலும் "பார்க்கலாமுங்க" என்பதோடு முடித்துவிடுகிறாராம். ஈரோட்டில் ஒரு கோச்சிடம் பணம் கட்டிச் சேரலாமா, மூத்த ஹெச்.எம். யாரையாவது கேட்டுக்கொண்டால் போதுமா என்பது கேள்வி.

டீச்சர், முதல் வருடம் மென்டார்தான், அதாவது இதே வேலையைச் செய்து பார்த்த மூத்தவர். பணத்தைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால் இப்போது உங்களை முடக்கும் விஷயங்களில் பெரும்பாலானவற்றுக்கு விடை ஏற்கெனவே இருக்கிறது. சம்பளப் பட்டியல், பணிப்பதிவேடு, எமிஸ் (பள்ளி, மாணவர் விவரங்களுக்கான அரசின் இணையதளம்) பதிவு, பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானத்தை எப்படி எழுதுவது, ஆடிட்டுக்கு எந்த ரசீதை எடுத்து வைப்பது, எல்லாமே செய்து பார்த்தவருக்குத் தெரியும். கோச்சிடம் கேட்டால் "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்பார், அவர் வேலையே அதுதான். ஆடிட் அதுவரை காத்திருக்காது.

ஆளைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் வேண்டும். உங்கள் பள்ளியை ஆய்வு செய்ய வருகிற அதிகாரி எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வேண்டாம், அவரிடம் உங்கள் தடுமாற்றத்தை முழுசாகச் சொல்ல முடியாது. உங்கள் பள்ளி மாதிரியே ஒன்றை நடத்துகிறவராகப் பாருங்கள். வடமாநிலத் தொழிலாளர் பிள்ளைகளும் சேர்ந்து வகுப்பறை நிரம்பி வழிகிற திருப்பூர் பள்ளியின் பிரச்சினை வேறு, ஹெச்.எம்.மே பாடமும் எடுத்து கிளார்க் வேலையும் பார்க்கிற கிராமத்துப் பள்ளியின் பிரச்சினை வேறு. ஓய்வு பெற்றவர் என்றால் அண்மையில் ஓய்வு பெற்றவராக இருக்கட்டும், எமிஸ் காலத்தில் பள்ளி நடத்தாதவரால் பாதி விஷயத்துக்குத்தான் உதவ முடியும்.

போனில் பேசுவதோடு நிறுத்திவிடாதீர்கள். பருவத்துக்கு ஒருமுறையாவது அவர் உங்கள் பள்ளிக்கு வந்து ஸ்டாஃப் மீட்டிங்கில் ஓரமாக உட்காரட்டும் (ஆசிரியர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள், வேவு பார்க்க ஆள் வந்ததாக நினைத்துவிடுவார்கள்), யார் எவ்வளவு நேரம் பேசினார்கள், எந்த முடிவை யார் எப்போது செய்வதாக ஒப்புக்கொண்டார்கள் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளட்டும். மீட்டிங் முழுக்க நாம் மட்டுமே பேசியிருப்பது அந்தக் குறிப்பைப் பார்க்கும்போதுதான் பலருக்கும் தெரிய வருகிறது. அப்புறம் நீங்களும் ஒருநாள் அவர் பள்ளிக்குப் போய் அதையே செய்யுங்கள், அதிகம் கற்றுக்கொள்வது அங்கேதான்.

கணக்கு ஆசிரியர் விஷயம் வேறு. அதற்கு விதியில் விடை கிடையாது, மெமோ கொடுத்தால் உறவுதான் கெடும். இங்கே கோச்சிங் முறை உதவும், மென்டாரே அதைச் செய்யலாம். கணக்கு ஆசிரியர் விஷயத்தில் உங்களுக்கு என்ன நடக்க வேண்டும், இப்போது உண்மையில் என்ன நடக்கிறது, என்னென்ன வழி இருக்கிறது, இந்த வாரம் எதைச் செய்வீர்கள் என்று நான்கு கேள்விகளை வரிசையாகக் கேட்டு, நீங்கள் பதில் சொல்லி முடிக்கும் வரை மென்டார் யோசனை சொல்லாமல் இருக்க வேண்டும். மூத்தவர்களுக்கு இது கஷ்டம், "நானா இருந்தா" என்று ஆரம்பித்துவிடுவார்கள். முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். "அவருக்குப் பதவி வேண்டாம், மரியாதை வேண்டும்" என்று நீங்களே கண்டுபிடித்தால், பத்தாம் வகுப்பு மாலை வகுப்புத் திட்டத்தை அவர் கையிலேயே கொடுக்கலாமே என்ற வழியும் உங்களுக்கே தோன்றலாம்.

நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் தனியார் பள்ளி முதல்வர்களுக்கும் ஒரு வார்த்தை. நிர்வாகமே கோச் ஏற்பாடு செய்தால், எது தாளாளர் காதுக்குப் போகும், எது போகாது என்பதை முதல் நாளே மூவரும் உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள். எழுதித் தர மறுத்தால் அந்தக் கோச்சிடம் மனம்விட்டுப் பேச வேண்டாம்.

டீச்சர், மென்டாரிடம் "ஏதாவதுன்னா கூப்பிடறேனுங்க" என்று விட்டுவிடாதீர்கள், அப்படிச் சொன்னால் யாரும் கூப்பிடுவதில்லை. இந்தக் கல்வியாண்டு முடியும் வரை, பதினைந்து நாளுக்கு ஒருமுறை, முக்கால் மணி நேரம், ஒரே ஒரு விஷயம் என்று நாள் குறித்தே கேளுங்கள்.