ஊர் ஊராகப் போனேன். எந்த ஊரும் மனதில் நிற்கவில்லை

கேள்வி: நான் பெங்களூருவில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வடிவமைப்பாளர். வயது 31. எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம் என்று நிறுவனம் அனுமதித்ததும் லேப்டாப்புடன் கிளம்பிவிட்டேன். சியாங் மாய், பாலி, டா நாங், திபிலிசி, லிஸ்பன், மெக்சிகோ சிட்டி, நடுவே இன்னும் சில ஊர்கள் என்று ஒரு வருடம் ஓடிவிட்டது. பெரும்பாலும் ஓர் ஊரில் இரண்டு வாரம்தான் தங்கினேன். இப்போது திருநெல்வேலிக்குத் திரும்பியிருக்கிறேன். எல்லோரும் என்னைக் கொடுத்துவைத்தவள் என்கிறார்கள். எனக்கோ அந்த வருடம் எங்கே போனது என்றே தெரியவில்லை. களைப்பு மட்டும்தான் மிச்சம். நான் வெளிநாட்டில் இருந்தபோது அப்பாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது; என்னிடம் சொல்லவில்லை. அம்மா, "சுற்றியது போதும், கல்யாணத்தைப் பார்ப்போம்" என்கிறார். அடுத்த வருடமும் போகிறீர்களா என்று அலுவலகத்தில் கேட்கிறார்கள். போகலாமா, நிறுத்திக்கொள்ளலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருநெல்வேலி

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் கடிதம் நீளமானது. இங்கே சுருக்கித்தான் வெளியிட முடிந்தது. முழுக் கடிதத்தில் லிஸ்பனுக்கு ஒரே ஒரு வரி. மெக்சிகோ சிட்டிக்கு இரண்டு வரி. அதில் ஒன்று, சுவரில் எழுதியிருந்த வாசகத்தைப் பற்றியது. ஆனால் பாலியில் கழித்த ஒரு நாளைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். திபிலிசியில் ரொட்டி சுடுகிறவரைப் பற்றி முக்கால் பக்கம். எந்த ஊரும் மனதில் நிற்கவில்லை என்று நீங்கள் சொல்வதை அதனால்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நின்றவை எவை, அவை ஏன் நின்றன என்று பார்ப்போம்.

பாலியில் நீங்கள் பார்த்தது ஞெபி. சக ஆண்டு என்னும் தங்கள் பஞ்சாங்க ஆண்டின் முதல் நாளை பாலி இந்துக்கள் மௌனமாக அனுசரிக்கும் நாள். அன்று தெருவில் யாரும் நடமாடக் கூடாது, விளக்கு ஏற்றக் கூடாது, அடுப்பு மூட்டக் கூடாது. 24 மணி நேரம் விமான நிலையமே மூடியிருக்கும். 2018 முதல் கைபேசி இணையத்தையும் நிறுத்திவிடுகிறார்கள். வழக்கம்போல அந்தச் சனிக்கிழமை அடுத்த ஊருக்குக் கிளம்பப் பார்த்தீர்கள், விமானமே இல்லை. வீட்டுக்காரம்மா வைஃபையையும் அணைத்துவிட்டார். முந்தின இரவு ஊரே ஒன்றுகூடி ஓகோ-ஓகோ என்னும் பூத உருவங்களைத் தூக்கிக்கொண்டு போனதை அவருடன் நின்று பார்த்தீர்கள். மறுநாள் முழுவதும் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தீர்கள், இரவில் இருட்டில் நட்சத்திரம் பார்த்தீர்கள். அவர் பேத்தியின் பெயர்கூட உங்களுக்கு நினைவிருக்கிறது.

திபிலிசியில் இரண்டு மாதம் தங்கினீர்கள். அதுவும் நீங்களாக முடிவு செய்ததில்லை. கால் சுளுக்கிக்கொண்டதால் நகர முடியாமல் இருந்தீர்கள். தினமும் காலையில் தெருமுனைக் கடைக்கு நொண்டிக்கொண்டே போய், தோனே என்னும் மண் அடுப்பின் உட்சுவரில் மாவை அறைந்து ஒட்டி எடுக்கும் நீள ரொட்டியைச் சூடாக வாங்கி வந்தீர்கள். மூன்றாவது வாரத்தில் அந்தக் கடைக்காரர் காசு வாங்க மறுத்தார். நீங்கள் வராத நாளில் பக்கத்து வீட்டுப் பையனிடம் ரொட்டி கொடுத்தனுப்பினார்.

இந்த இரண்டும் நீங்கள் நகராமல் இருந்த நாட்கள். உங்களைக் களைக்க வைத்தது உலகமும் அல்ல, வேலையும் அல்ல. வேலையை வைத்துக்கொண்டே சுற்றுலாப் பயணியின் வேகத்தில் ஓடினீர்கள், அதுதான் காரணம். சுற்றுலா போகிறவருக்கு நாள் முழுவதும் கையில் இருக்கிறது. உங்களுக்கு ஒன்பது மணி நேரம் அலுவலகத்துக்குச் சொந்தம். இரண்டு வாரத்தில் பத்து நாள் வேலைக்குப் போய்விடும், மீதி நான்கு நாள். வந்து சேர ஒன்று, மூட்டை கட்டிக் கிளம்ப ஒன்று. சிம் கார்டு, பால், காய்கறி, இணையம் அறுந்துபோகாத ஓர் இடம், துணி துவைக்கும் கடை என்று தேடி அலைய இன்னொன்று. ஊரைப் பார்ப்பதற்கென்று மிஞ்சுவது ஒரே நாள். அந்த ஒரு நாளில் தூக்கம்தான் வரும். இதை வருடம் முழுக்கச் செய்துவிட்டு மனதில் எதுவும் நிற்கவில்லை என்று உங்களையே நொந்துகொள்கிறீர்களே, அது நியாயமில்லை.

அடுத்தது கடிகாரம். பயணக் காணொளிகளில் யாரும் இதைச் சொல்வதில்லை, ஆனால் உங்கள் வருடத்தைப் பாதி தின்றது இதுதான். உங்கள் குழுவின் முதல் கூட்டம் இந்திய நேரம் காலை 10 மணிக்கு. சியாங் மாயில் அப்போது 11.30, பாலியில் 12.30. காலைப் பொழுது முழுவதும் உங்களுடையது: சந்தைக்குப் போகலாம், கோயிலுக்குப் போகலாம், நீந்தக் கற்றுக்கொள்ளலாம். திபிலிசியில் 8.30 மணிக்கு உட்கார்ந்தால் 5.30க்கு எழுந்துவிடலாம், மாலை மிச்சம். லிஸ்பனில் கோடையில்கூட அது விடியற்காலை 5.30. மத்தியானமே வேலை முடிந்துவிடுமே என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். ஆனால் இரவு எட்டு மணிக்கு மேல்தான் அந்த ஊர் சாப்பிடவே உட்காரும்; அந்த நேரத்தில் நீங்கள் படுக்கைக்குப் போயாக வேண்டும். மெக்சிகோ சிட்டியில் முந்தின நாள் இரவு 10.30. விடிய விடிய வேலை, பகல் முழுக்கத் திரைச்சீலையை இழுத்துவிட்டுத் தூக்கம். அவ்வளவு பெரிய, அவ்வளவு பழைய நகரத்துக்கு இரண்டே வரி எழுதினீர்கள் என்றால் அதற்கு மேல் எழுத நீங்கள் விழித்திருக்கவே இல்லை. இந்திய நேரத்தில் வேலை பார்க்கிறவர்கள் மேற்கே திபிலிசி இருக்கும் ஜார்ஜியாவுக்கும் கிழக்கே பாலிக்கும் இடையில் இருந்தால் உடம்பு தாங்கும். அதற்கு அப்பால் இருக்கும் ஊர்களுக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு போங்கள்.

ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலான நாடுகளில் சுற்றுலா அனுமதியில்தான் நுழைந்ததாக எழுதியிருக்கிறீர்கள். "எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த அனுமதியில் உள்ளே விடுவது ஊர் சுற்றிப் பார்க்கத்தான். வேலை பார்க்கும் உரிமை அதில் வராது. எல்லை அதிகாரி கேட்டால் நீங்கள் பொய் சொல்ல வேண்டியிருக்கும். அந்தப் பயத்தை மடியில் கட்டிக்கொண்டு ஒரு வருடம் திரிந்ததும் உங்கள் களைப்பில் சேர்த்திதான். இப்போது நேர்வழிகள் இருக்கின்றன. தாய்லாந்து 2024 ஜூலையில் டி.டி.வி. என்ற விசாவைக் கொண்டுவந்தது. ஐந்து ஆண்டு செல்லும், ஒரு முறை நுழைந்தால் 180 நாள் இருக்கலாம். வங்கியில் 5 லட்சம் பாட் சேமிப்புக் காட்ட வேண்டும், நம் பணத்தில் 13 லட்சத்துக்குக் குறையாது. மலேசியா 2022இல் தொடங்கிய டி.இ. ரந்தாவ் அனுமதியில் மூன்று மாதம் முதல் ஒரு வருடம் வரை தங்கலாம். உங்களைப் போன்ற கணினித் துறையினருக்கு ஆண்டு வருமானம் 24,000 டாலர் இருந்தால் போதும். இந்தோனேசியாவும் இத்தகைய விசா தருகிறது, ஆனால் ஆண்டுக்கு 60,000 டாலர் சம்பளம் கேட்கிறது. ஜப்பான் 2024 மார்ச்சில் ஆறு மாத விசாவைத் தொடங்கியபோது நம் ஊரில் பலர் துள்ளிக் குதித்தார்கள். அதற்குத் தகுதியான நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை. விண்ணப்பிப்பதற்கு முன் அந்தந்தத் தூதரகத்தின் அறிவிப்பைப் பாருங்கள், முகவர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம்.

வரிக் கணக்கும் இருக்கிறது. நிதியாண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தால் நீங்கள் இங்கே குடியிருப்பாளர்தான். வெளியே ஒரே நாட்டில் ஏறக்குறைய அரையாண்டைத் தாண்டினால் அந்த நாடும் உங்களிடம் வரி கேட்கலாம். உங்களால் உங்கள் நிறுவனத்துக்கும் அங்கே வரிச் சிக்கல் வரலாம்; அலுவலகத்தில் இப்போது கேள்வி கேட்பது பெரும்பாலும் அதனால்தான் இருக்கும். கடந்த வருடம் எந்த நாட்டில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இருந்தீர்கள் என்பதைப் பாஸ்போர்ட் முத்திரைகளைப் பார்த்து எழுதி, ஆடிட்டரிடம் கொடுத்துவிடுங்கள். இந்த வாரமே செய்யுங்கள்.

மெக்சிகோ சிட்டியில் கொண்டேசா பகுதியில் வெளிநாட்டவரைப் போகச் சொல்லி எழுதியிருந்த சுவர் உங்களை உறுத்தியது என்கிறீர்கள். உறுத்த வேண்டியதுதான். 2025 ஜூலையில் அந்தப் பகுதி மக்கள் வீட்டு வாடகை உயர்வை எதிர்த்து ஊர்வலம் போனார்கள். அதற்கு முந்தின வருடம் பார்சிலோனாவில் உணவகங்களில் இருந்த சுற்றுலாப் பயணிகள் மீது தண்ணீர்த் துப்பாக்கியால் பீய்ச்சினார்கள். சுற்றுலா வாடகைக் குடியிருப்புகளின் உரிமங்களை 2028 நவம்பருக்குள் முடிவுக்குக் கொண்டுவருவதாக அந்த நகராட்சி அறிவித்திருக்கிறது. குடியிருக்கிறவர்களுக்கான வீடு, வந்துபோகிறவர்களுக்கு நாள் வாடகைக்குப் போகும்போது பள்ளிக்கூட ஆசிரியரும் செவிலியரும் ஊருக்கு வெளியே தள்ளப்படுகிறார்கள். நீங்கள் ஒருவர் போவதாலோ போகாமல் இருப்பதாலோ இது தீராது. ஆனாலும் முழு வீட்டை இரண்டு வாரத்துக்கு எடுப்பதும், குடும்பம் வாழும் வீட்டில் ஓர் அறையை ஆறு மாதத்துக்கு எடுப்பதும் ஒன்றல்ல. பாலியில் அந்த அம்மா வீட்டில் இருந்தீர்களே, அதுபோல இருங்கள்.

இப்போது அப்பா. நம் வீடுகளில் இது வழக்கம். தூரத்தில் இருக்கும் பிள்ளை பதறும் என்று நோயை மறைப்பார்கள். தையல் பிரித்த பிறகுதான் சொல்வார்கள். அவர்கள் செய்தது அன்பினால்தான். ஆனால் உங்களைப் பொறுத்தவரை அதன் விளைவு, இனி ஒவ்வொரு அழைப்பிலும் "ஒன்றுமில்லை, நல்லா இருக்கோம்" என்பதை நீங்கள் சந்தேகப்படுவீர்கள். இரண்டு பேரிடமும் உட்கார்ந்து பேசுங்கள். "சொல்லாமல் விட்டால் நான் இன்னும் அதிகமாகப் பயப்படுவேன்" என்று சொல்லுங்கள். அதோடு நிற்க வேண்டாம். சித்தப்பாவோ பக்கத்து வீட்டு அக்காவோ, உண்மையை மறைக்காமல் சொல்லக்கூடிய ஒருவரிடம் பொறுப்பை ஒப்படையுங்கள். உடனே திரும்புவதற்கான டிக்கெட் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டுவையுங்கள், எதற்காகவும் அதைத் தொடாதீர்கள். நான்கைந்து மணி நேர விமானப் பயணத்தில் சென்னைக்கு வந்துவிடக்கூடிய ஊர்களாகத் தேர்ந்தெடுங்கள்.

திருமணத்தை இதனுடன் முடிச்சுப் போட வேண்டாம். அம்மா கேட்பதில் தவறில்லை. ஆனால் பயணத்திலிருந்து தப்பிக்கத் திருமணமும், திருமணத்திலிருந்து தப்பிக்கப் பயணமும் உங்களுக்கு உதவாது. விருப்பம் உண்டா, எப்படிப்பட்டவர் வேண்டும் என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். பார்க்கிற வரனிடமும் உங்கள் வேலை முறையை முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். அது பிடிக்காதவர் அப்போதே விலகிக்கொள்வார், அதுவும் நல்லதுதான்.

ஆகவே, போங்கள். ஆனால் வருடத்துக்கு இரண்டே ஊர். நான் சொல்வது தாய்லாந்தின் சியாங் மாயும் மலேசியாவின் பினாங்கும். பினாங்கின் ஜார்ஜ் டவுனில் தமிழ் பேசுகிறவர்கள் தலைமுறைகளாக வாழ்கிறார்கள். அம்மாவையும் அப்பாவையும் ஒரு மாதம் அங்கே அழைத்து வைத்துக்கொண்டால் அவர்களுக்கும் மூச்சு முட்டாது. உங்கள் காலைக் கூட்டம் அங்கே 12.30 மணிக்கு. சியாங் மாயில் போன வருடம் இருமிக்கொண்டே வெளியேறினீர்களே, அதற்கு நீங்கள் போன மாதம் காரணம். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை சுற்றுவட்டாரத்தில் வயல்களை எரிப்பதாலும் காட்டுத் தீயாலும் எழும் புகை, மலைகள் சூழ்ந்த அந்தப் பள்ளத்தாக்கில் தேங்கி நிற்கும். நவம்பரிலிருந்து ஜனவரி வரை அதே ஊர் அருமையாக இருக்கும்.

அப்பாவின் அடுத்த கண் பரிசோதனைக்கு நீங்களே கூடப் போய்விட்டு வாருங்கள். இரண்டு விசாக்களுக்கும் வேண்டிய வேலைச் சான்றுக் கடிதத்தை அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். தீபாவளியை வீட்டில் கொண்டாடிவிட்டு சியாங் மாய்க்குக் கிளம்புங்கள், ஜனவரி முடிந்ததும் பினாங்குக்கு மாறிவிடுங்கள். இடையில் எந்தச் சனிக்கிழமையும் மலிவாக டிக்கெட் கிடைக்கிறது என்பதற்காக மட்டும் வேறு ஊருக்குப் போகாதீர்கள்.