கணக்கியல் கேள்வி பதில்: மெக்கானிக்கின் சம்பளம் எந்தப் பனியனில் சேரும்?

கேள்வி: முப்பது தையல் மெஷின்கள் வைத்து ஜாப் ஒர்க் செய்கிறோம். கட்டிங், டெய்லர், செக்கிங் கூலியைப் பீஸ் ரேட்டாக எழுதிவிட்டு, சூப்பர்வைசர், மெக்கானிக், ஸ்டோர் கீப்பர், துப்புரவுப் பணியாளர் ஆகியோரின் சம்பளத்தை மாதம் தைத்த பீஸ்களின் எண்ணிக்கையால் வகுத்துச் சேர்க்கிறோம். இந்தக் கணக்கில் காலர் டி-ஷர்ட் நல்ல லாபம் காட்டுவதால் அதையே அதிகம் எடுக்கிறோம். ஆனால் மொத்த லாபம் குறைகிறது. ஏன்?
- வாசகர், திருப்பூர்

பதில்: நீங்கள் வகுக்கும் முறையில்தான் சிக்கல் இருக்கிறது. ஓவர்லாக் மெஷினில் நூலை வளையமாகப் பிடிக்கும் லூப்பர் என்ற பாகம் சற்றே விலகித் தையல் விட்டுவிட்டு விழுந்தால், மெக்கானிக் வந்து சரிசெய்யும்வரை அந்த லைனே நின்றுவிடும். அவருடைய உழைப்பு அவ்வளவு முக்கியமானது. ஆயினும் அதை இன்ன பீசுக்கு இவ்வளவு என்று பிரித்துக் காட்ட முடியாததால் மட்டுமே அது மறைமுகக் கூலியாகிறது. இத்தகைய சம்பளங்களைத் தண்டச் செலவு என்று சிலர் பேசுவதை நான் ஏற்பதில்லை.

முதலில் தொகையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சம்பளத்தோடு நிறுவனம் செலுத்தும் பி.எஃப். 12 சதவீதம், மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குவோருக்கு இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், போனஸ், கிராஜுவிட்டிக்கான ஒதுக்கீடு ஆகியவையும் கூலிச் செலவே. சம்பளப் பட்டியலில் 1,20,000 ரூபாய் இருந்தால், இவற்றைச் சேர்த்து 1,50,000 ஆகிறது என்று கொள்வோம். ஆர்டர் பிடிப்பவர், அலுவலகக் கணக்கர் ஆகியோரின் சம்பளம் இதில் வராது. அவை விற்பனை, நிர்வாகச் செலவுகள்.

ரவுண்ட் நெக் 15,000, காலர் 5,000 என ஒரு மாதத்தில் 20,000 பீஸ் தைத்தால், உங்கள் முறையில் இரண்டுக்கும் பீசுக்கு 7.50 ரூபாய் விழும். ஆனால் ரவுண்ட் நெக்குக்கு 12 நிமிடமும் காலருக்கு 24 நிமிடமும் மெஷின் ஓடுகிறது என்றால், மொத்தம் 5,000 மெஷின் மணி. மணிக்கு 30 ரூபாய். அதன்படி ரவுண்ட் நெக்கின் பங்கு 6 ரூபாய், காலரின் பங்கு 12 ரூபாய். மெஷினையும் மேற்பார்வையையும் இருமடங்கு நேரம் பிடித்துக்கொள்ளும் காலர், பீசுக்கு 4.50 ரூபாயை மற்றதன் தலையில் ஏற்றிவிட்டுத்தான் லாபம் காட்டியிருக்கிறது. அதை நம்பி ரவுண்ட் நெக்குக்கு நீங்கள் விலையை உயர்த்திச் சொல்லியிருந்தால், அந்த ஆர்டர்கள் கைநழுவியதில் வியப்பில்லை.

ஆர்டர் குறைந்து 3,000 மணி மட்டுமே மெஷின் ஓடிய மாதத்தில் மணிக்கு 50 ரூபாய் என்று ஏற்றிவிடாதீர்கள். நிலையான உற்பத்தி மேற்செலவை, அதாவது உற்பத்தி கூடினாலும் குறைந்தாலும் மாறாத இத்தகைய மறைமுகச் செலவை, வழக்கமான உற்பத்தித் திறனின் அடிப்படையிலேயே சரக்கில் ஏற்ற வேண்டும் என்பது இந்தியக் கணக்கியல் தரம் 2-இன் விதி. ஆகவே 5,000 மணியே உங்கள் வழக்கம் என்றால், மணிக்கு அதே 30 ரூபாய் வீதம் 90,000 ரூபாய் உற்பத்தியில் சேரும். மீதி 60,000 அந்தக் காலத்தின் லாப நட்டக் கணக்குக்குப் போகும்.

டெய்லரின் கூலியிலும் மறைமுகப் பகுதி உண்டு. ஷிப்ட் சம்பளம் வாங்கும் டெய்லர் நூல் மாற்றவும் சிறு பழுதுக்காகவும் காத்திருக்கும் வழக்கமான நேரத்தின் கூலி மேற்செலவில் சேரும். ஓவர்டைமுக்குத் தரும் கூடுதல் தொகையும் பொதுவாக அப்படியே. வாடிக்கையாளரே அவசரப்படுத்தியிருந்தால் மட்டும் அதை அவருடைய ஆர்டரில் நேரடியாக எழுதுங்கள்.