விமானத்தைப் படம் பிடிக்க எவ்வளவு பெரிய லென்ஸ் வேண்டும்?

கேள்வி: சென்னை பரங்கிமலை மேலே நின்று விமானங்களைப் படம் எடுப்பேன். கையில் இருப்பது 24 மெகாபிக்சல் கேமராவும் அதோடு வந்த 18-55 எம்.எம். லென்ஸும். படத்தில் விமானம் ஈ மாதிரி விழுகிறது. 150-600 லென்ஸைத் தவணையில் எடுக்கச் சொல்கிறார் கடைக்காரர். பெரிய பிரிண்ட் போட்டு வீட்டில் மாட்ட ஆசை. வாங்கலாமா? (வாசகர், நங்கநல்லூர்)

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் வகைக் கேமராவில் சென்சாரின் (படம் பதியும் சில்லின்) அகலம் சுமார் 23.5 மி.மீ. அதில் 300 எம்.எம். லென்ஸ் போட்டு 2 கி.மீ. தள்ளி ஓடும் விமானத்தைப் பார்த்தால், ஃபிரேமுக்குள் 157 மீட்டர் அகலம் விழும். ஏர்பஸ் ஏ320-இன் நீளம் 37.5 மீட்டர், அதாவது படத்தில் கால்வாசி. 600 போட்டால் பாதி. இதுவரை கடைக்காரர் சொல்வது சரிதான்.

அவர் சொல்லாமல் விட்டது நடுவில் இருக்கும் 2 கி.மீ. காற்றை. வெயில் ஏறினால் ஓடுதளத்தின் மேல் காற்று நெளிய ஆரம்பிக்கும். விமானத்தின் ஜன்னல் வரிசை தண்ணீருக்குள் கிடப்பது போல அலையும். எத்தனை லட்சம் கொடுத்து வாங்கிய லென்ஸும் அந்த நெளிவையும் சேர்த்துத்தான் பெரிதாக்கிக் கொடுக்கும். மலையிலிருந்து எடுப்பதென்றால் விடிந்ததும் போய்விடுங்கள். விமான நிலையம் மலைக்குத் தென்மேற்கே இருப்பதால் காலை வெயில் உங்கள் முதுகுப் பக்கமிருந்து வந்து விமானத்தின் மேல் விழும், காற்றும் அடங்கியிருக்கும்.

இன்னொரு வழி, பணத்துக்குப் பதில் நடையைச் செலவழிப்பது. விமானங்கள் மேற்கிலிருந்து இறங்கும் நாளில், ஓடுதளத்தின் மேற்குப் பக்கம் இருக்கும் பொழிச்சலூர், கவுல் பஜார் பக்கம் போய் நில்லுங்கள். தலைக்கு மேல் 100 மீட்டர் உயரத்தில் ஏ320 கடக்கும்போது, 55 எம்.எம்.மில் 43 மீட்டர் அகலம் ஃபிரேமில் விழும். அதன் இறக்கை விரிவு 35.8 மீட்டர். இரண்டு இறக்கையும் அடங்கிவிடும். 40 எம்.எம்.முக்குக் குறைத்தால் மூக்கிலிருந்து வால்வரை முழு விமானமும் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் லென்ஸிலேயே அடங்கிவிடும். அமெரிக்கரான ஜெஃப்ரி மில்ஸ்டீன் லாஸ் ஏஞ்சலிஸில் இறங்கும் விமானங்களை இப்படி நேர் கீழே நின்றுதான் எடுத்தார். இரண்டு இறக்கையும் பட்டாம்பூச்சி போலச் சரிசமமாக விரிந்த அந்த அடிவயிற்றுப் படங்களை வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் விமான அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்தார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் லென்ஸ் வேண்டும் என்று தோன்றினால் 70-300 போதும். எடை முக்கால் கிலோவை ஒட்டி வரும். 150-600 கிட்டத்தட்ட இரண்டு கிலோ, மலைப்படி ஏறும்போது தெரியும். அதுதான் வேண்டும் என்றால் முதலில் ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள்.

பிரிண்ட் விஷயத்திலும் இதே கணக்குதான். உங்கள் படத்தின் அகலம் 6000 பிக்சல். விமானம் அதில் கால்வாசி என்றால் 1500 பிக்சல். அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்து அச்சடித்தால் விமானம் 5 அங்குலம்தான் வரும். ஃபிரேமை நிறைத்து எடுத்த படத்தை அப்படியே 20 அங்குலத்துக்குப் போடலாம். சுவரில் மாட்ட, பளபளக்காத மேட் தாளில் சீக்கிரம் வெளிறாத பிக்மென்ட் மையால் அச்சிடச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: ஏடிஆர் விமானத்தை (புரொப்பெல்லர் வைத்த சின்னப் பயணிகள் விமானம்) 1/2000 விநாடி ஷட்டர் வேகத்தில் எடுத்தேன். படம் பளிச்சென்று இருக்கிறது, ஆனால் எஞ்சின் நின்றுபோன விமானத்தைக் கயிறு கட்டித் தொங்கவிட்டது போலத் தெரிகிறது. கேமராவை மாற்ற வேண்டுமா?

பதில்: கேமரா அதன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது. ஏடிஆர் 72-600-இன் புரொப்பெல்லருக்கு ஆறு இதழ்கள், இதழுக்கு இதழ் 60 பாகை இடைவெளி. புறப்படும்போது நிமிடத்துக்கு சுமார் 1200 சுற்று. 1/2000 விநாடியில் ஒரு இதழ் நாலு பாகைகூட நகராது, அதனால்தான் உறைந்துபோய் நிற்கிறது. 1/125-இல் 57 பாகைக்கு மேல் திரும்பிவிடும். ஒரு இதழின் தடம் அடுத்ததைத் தொட்டு முழு வட்டமாகப் பூக்கும்.

ஆனால் அந்த வேகத்தில் விமானத்தோடு இடுப்பைத் திருப்பிக்கொண்டே எடுக்கப் பழக வேண்டும். முதல் நாள் ஐம்பது படத்தில் ஒன்று தேறினாலே சந்தோஷம். எனக்கு அதுவும் தேறவில்லை. லென்ஸில் பேனிங்குக்கான, அதாவது இப்படித் திருப்பிக்கொண்டே எடுப்பதற்கான, ஆட்டத்தடுப்பு நிலை இருந்தால் அதில் வையுங்கள். வானம் வெளுத்திருந்தால் எக்ஸ்போஷரை +1 வரை ஏற்றுங்கள், இல்லையென்றால் விமானம் கரிக்கட்டையாகிவிடும். ட்ரைபாட் வாங்காதீர்கள், திரும்புவதற்கு இடைஞ்சல். லென்ஸோடு கடையில் தலையில் கட்டும் மலிவு யு.வி. ஃபில்டரும் வேண்டாம்.

கேள்வி: தாம்பரத்தில் விமானப்படைத் தளத்து மதில் ஓரம் நின்று எடுக்கலாமா? ட்ரோன் வாங்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். தாம்பரம், சூலூர், தஞ்சாவூர் எல்லாம் படைத்தளங்கள், அங்கே கேமராவை எடுத்தாலே வம்பு. சென்னை விமான நிலையத்தின் சுற்றெல்லையிலிருந்து 5 கி.மீ. வரை ட்ரோனுக்குச் சிவப்பு மண்டலம், அரசு அனுமதியில்லாமல் பறக்கவிடக் கூடாது. போர் விமானம் எடுக்க ஆசையென்றால், பெங்களூரு எலகங்காவில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் ஏரோ இந்தியா கண்காட்சிக்கு டிக்கெட் வாங்கிப் போங்கள்.

கேள்வி: கடையில் பழைய 70-300 லென்ஸ் வாங்கினேன். ‘கண்டிஷன் சூப்பர்’ என்றார்கள். நாலாவது நாள் பார்த்தால் உள்ளே ஃபங்கஸ் (பூஞ்சை). ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லிலேயே இருக்கிறதாம்.

பதில்: அந்த வரிக்குப் பயப்பட வேண்டாம். பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். திருப்பிக் கொடுக்க பில்லில் கால அளவு ஏதும் போடவில்லை என்றால் 30 நாள் கணக்கு. லென்ஸைப் படம் எடுத்து, பில் நகலோடு இன்றைக்கே கடைக்கு எழுத்தில் அனுப்புங்கள். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. ஒன்று: ஃபங்கஸ் இருப்பதைச் சொல்லித்தான் விற்றார்கள் என்றால் உங்கள் பக்கம் பலவீனம். கடையாக இல்லாமல் தனி ஆளிடம் வாங்கியிருந்தாலும் இந்தச் சட்டம் கைகொடுக்காது.

அடுத்த முறை வாங்கும்போது லென்ஸின் பின்பக்கத்திலிருந்து செல்போன் டார்ச்சை அடித்து, முன்னால் சாய்வாகப் பாருங்கள். புள்ளி புள்ளியாக இருந்தால் தூசி, பரவாயில்லை. சிலந்தி நூல் போலக் கிளை விட்டிருந்தால் அப்படியே கீழே வைத்துவிடுங்கள். சென்னை ஈரத்துக்கு, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைத்தால் போதும். அரிசிப் பானைக்குள் புதைக்கும் வைத்தியம் மட்டும் வேண்டாம். தவிட்டுத் தூசி ஜூம் வளையத்துக்குள் புகுந்தால் அடுத்த கடிதமும் எனக்குத்தான் எழுதுவீர்கள்.