வலி காட்டாத கல்லீரல்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ராமேஸ்வரம் தீவு முதல் தொண்டி வரையிலான கரையோர ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் கல்லீரல் பற்றியவற்றை இங்கே சேர்த்துப் பதில் எழுதுகிறேன். ஏறத்தாழ எல்லாக் கடிதங்களிலும் “வலி எதுவும் இல்லை” என்ற வாக்கியம் இருக்கிறது. கல்லீரலின் உட்பகுதியில் வலியை உணரும் நரம்புகள் இல்லை. அது வீங்கி மேலுறை இழுபடும்போதுதான் வலப்பக்க விலாவுக்குக் கீழே ஒரு பாரம் தெரியும். ஆகையால் வலி இல்லை என்பதை வைத்து நோயும் இல்லை என்று முடிவு செய்துவிட வேண்டாம்.

என் வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். கண் மஞ்சளாக இருக்கிறது என்றால், உப்புக்காற்றுப் பட்ட கண் அப்படித்தான் இருக்கும் என்கிறார். மீன்பிடித் தடைக்காலம் வந்தால் தினமும் குடிக்கிறார். காமாலையா, இல்லையா என்று வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது? — தங்கச்சிமடம் வாசகி

அவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது, உங்கள் சந்தேகத்திலும் நியாயம் இருக்கிறது. பல ஆண்டுகள் கடலில் வெயிலும் காற்றும் பட்டவர்களுக்குக் கருவிழியின் இரு பக்கங்களிலும், இமை மூடாத இடத்தில், பழுப்பு மஞ்சளாகத் திட்டுப் படியும். சிலருக்கு அங்கே சதையும் வளரும். காமாலையின் மஞ்சள் அப்படித் திட்டாக இருக்காது, வெண்விழி முழுவதும் ஒரே சீராகப் பரவியிருக்கும். காலையில் அவரை முற்றத்து நிழலில் நிறுத்தி, கீழே பார்க்கச் சொல்லி, மேல் இமையை மெல்லத் தூக்கிப் பாருங்கள். வெயிலே படாத அந்த மேல்பகுதி வெள்ளையாக இருந்தால் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் கடலின் வேலை. அங்கேயும் மஞ்சள் இருந்தால் காமாலை. விளக்கு வெளிச்சத்தில் பார்க்காதீர்கள். நானும் நோயாளியை ஜன்னலுக்கு அருகே அழைத்துச் சென்றுதான் பார்க்கிறேன்.

காமாலைக் கண்ணனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். உண்மையில் நோயாளிக்கு உலகம் வழக்கமான நிறத்தில்தான் தெரியும். அதனால்தான் கூட இருப்பவர்கள் முதலில் கவனிக்கிறார்கள். இரத்தத்தில் 1 மில்லிகிராம் அளவில் இருக்க வேண்டிய பிலிருபின் என்ற மஞ்சள் நிறப்பொருள் 2.5 அல்லது 3-ஐத் தொட்ட பிறகே கண்ணில் தெரியும் என்பதால், கண் வெள்ளையாக இருந்தாலும் பரிசோதனை வேண்டாம் என்று விட்டுவிட முடியாது.

சிறுநீரையும் கேளுங்கள். கடலில் தண்ணீர் குறைவாகக் குடிப்பவருக்குச் சிறுநீர் மஞ்சளாவது இயல்பு. கரைக்கு வந்து நன்றாகத் தண்ணீர் குடித்தால் தெளிந்துவிடும். பித்தம் கலந்த சிறுநீர் அப்படித் தெளியாது. காப்பி டிக்காஷன் போல இருக்கும், அதன் நுரையும் மஞ்சளாக இருக்கும். இதோடு மலம் வெளுத்து உடம்பும் அரித்தால் பித்தநாளத்தில் அடைப்பு இருக்கலாம்.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கும் குடிதான். தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தினமும் குடிப்பதைக் கல்லீரல் விடுமுறைக் கணக்கில் வைப்பதில்லை. காலையில் குமட்டல், சாப்பாட்டைக் கண்டாலே வெறுப்பு, உள்ளங்கை ஓரங்களில் சிவப்பு, நெஞ்சில் சிலந்திக் கால்கள் போல விரியும் சிறு சிவப்பு நரம்புகள், பல் துலக்கும்போது இரத்தம் ஆகியவை கவனிக்க வேண்டிய அடையாளங்கள். கையும் தோளும் மெலிந்துகொண்டே போக அரைஞாண்கயிறு மட்டும் இறுகுகிறது என்றால் அது தொப்பையாக இல்லாமல் வயிற்றில் தேங்கும் நீராக இருக்கலாம். பகலில் தூங்கி இரவில் விழித்துக் கிடப்பது, தெரிந்த பெயர்களை மாற்றிச் சொல்வது, கறுத்த மலம், இரத்த வாந்தி ஆகியவை முற்றிய நிலையின் அறிகுறிகள். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இப்போதைக்குக் கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனை, பிளேட்லெட் எண்ணிக்கையுடன் இரத்தப் பரிசோதனை, வயிற்று ஸ்கேன் மூன்றும் போதும். ஆனால் தினமும் அதிகம் குடிப்பவரை வீட்டில் வைத்து ஒரே நாளில் நிறுத்தச் சொல்லாதீர்கள். வலிப்பும் மனக்குழப்பமும் வரக்கூடும்; மருத்துவர் உதவியோடுதான் நிறுத்த வேண்டும்.

வயது 27. வளைகுடா வேலைக்கான மெடிக்கலில் ஹெபடைட்டிஸ் பி பாசிட்டிவ் என்று அன்ஃபிட் ஆக்கிவிட்டார்கள். எந்தக் கெட்ட பழக்கமும் எனக்கு இல்லை. வாப்பாவிடம் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. — கீழக்கரை வாசகர்

கூச்சப்பட இதில் எதுவும் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரியவர்களான பிறகு இந்தக் கிருமி தொற்றினால் நூற்றில் 95 பேருக்கு மேல் அது தானே நீங்கிவிடும். பிறக்கும்போது தொற்றினால் நூற்றில் 90 குழந்தைகளிடம் தங்கிவிடும். எனவே உங்கள் வயதில் எந்த அறிகுறியும் இல்லாமல் இருக்கும் தொற்று, பெரும்பாலும் பிறப்பிலோ சிறு வயதிலோ வந்ததாக இருக்கும். ஹெபடைட்டிஸ் பி உட்பட ஐந்து நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி தமிழ்நாட்டில் 2011 டிசம்பரில்தான் வந்தது. உங்கள் தலைமுறையில் பலருக்கு இந்தப் பாதுகாப்புக் கிடைக்கவில்லை.

பாசிட்டிவ் என்றால் கிருமி இருக்கிறது என்று பொருள். கல்லீரல் கெட்டுவிட்டது என்று பொருளல்ல. ஆறு மாதத்துக்குப் பிறகும் இருந்தால் அது நாள்பட்ட தொற்று. கிருமியின் டிஎன்ஏ அளவு, கிருமி பெருகுவதைக் காட்டும் ஹெச்பிஇ ஆன்டிஜென், எஸ்ஜிபிடி என்ற கல்லீரல் நொதியின் அளவு, ஸ்கேன் ஆகியவற்றைப் பார்த்துத்தான் மருந்து தேவையா என்று முடிவு செய்ய முடியும். சிலருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை கண்காணிப்பே போதும். சிலருக்குத் தினம் ஒரு டெனோஃபோவிர் அல்லது என்டெகாவிர் மாத்திரை. உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று கண்காணிப்பை விட்டுவிடாதீர்கள், ஏனெனில் இந்தத் தொற்றில் கல்லீரல் சுருங்காமலேயே புற்றுநோய் வரக்கூடும். 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இத்திட்டத்தைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

வாப்பாவிடம் சொல்லத்தான் வேண்டும். உம்மாவும் உடன்பிறந்தவர்களும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். தொற்று இல்லாதவர்களுக்கும், நாளை உங்களுக்கு வரப்போகும் மனைவிக்கும் 0, 1, 6 மாதக் கணக்கில் மூன்று தடுப்பூசிகள் போட்டால் பாதுகாப்புக் கிடைக்கும். கூட உட்கார்ந்து ஒரே சஹனில் சாப்பிடுவதால் இது பரவாது. சவர பிளேடும் பல் துலக்கும் பிரஷும் மட்டும் தனியாக இருக்கட்டும்.

வயது 46, எடை 82 கிலோ. குடிப்பழக்கம் இல்லை. ஸ்கேனில் கிரேடு 1 ஃபேட்டி லிவர். எஸ்ஜிஓடி 40, எஸ்ஜிபிடி 58, பிளேட்லெட் 2.4 லட்சம். கிரேடு 1 தானே, விட்டுவிடலாமா? — ராமநாதபுரம் வாசகர்

கிரேடு என்பது கொழுப்பின் அளவைச் சொல்கிறது. தழும்பு விழுந்திருக்கிறதா என்பதைச் சொல்வதில்லை. கவலை தரவேண்டியது தழும்புதான். அதற்கு உங்களிடம் இருக்கும் எண்களே ஓரளவு போதும். வயதை எஸ்ஜிஓடியால் பெருக்கினால் 1840. பிளேட்லெட்டை ஆயிரக் கணக்கில் 240 என்று எடுத்துக்கொண்டு எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் ஏறத்தாழ 1828. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 1 வருகிறது. 1.3-க்குக் கீழே இருப்பதால் முற்றிய தழும்பு இருக்கும் வாய்ப்பு குறைவு. அதற்காக விட்டுவிட முடியாது. இதுதான் திரும்பிப் போகக்கூடிய கட்டம். எடையில் நூற்றுக்கு 7 முதல் 10 பங்கு, அதாவது உங்களுக்கு 6 முதல் 8 கிலோ, குறைத்தால் கல்லீரலில் அழற்சியும் குறையும். கழுத்தின் பின்புறம் கறுத்துத் தடித்திருக்கிறதா என்று பாருங்கள்; இருந்தால் சர்க்கரைப் பரிசோதனையையும் தள்ளிப்போடாதீர்கள்.

வயலில் வேலை செய்யும் என் அண்ணனுக்கு ஆறு நாளாகக் காய்ச்சல், இப்போது கண் மஞ்சள். கீழாநெல்லி கொடுத்தால் போதும் என்கிறார்கள். — ஆர்.எஸ்.மங்கலம் வாசகர்

தண்ணீரால் பரவும் ஹெபடைட்டிஸ் ஏ காமாலை பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானே சரியாகும்; அந்த வாரங்களில் எதைக் கொடுத்தாலும் அதற்கே பெயர் கிடைக்கும். 1988-இல் சென்னையில் நடந்த ஓர் ஆய்வு, கீழாநெல்லி ஹெபடைட்டிஸ் பி கிருமியை நீக்குவதாகச் சொல்லி உலகக் கவனம் பெற்றது. பிறகு நடந்த ஆய்வுகளில் அது உறுதிப்படவில்லை.

உங்கள் அண்ணன் விஷயம் வேறு. ஹெபடைட்டிஸ் ஏ-யில் கண் மஞ்சளாகும் நேரத்தில் காய்ச்சல் தணியும். காய்ச்சலும் மஞ்சளும் சேர்ந்தே இருந்து, கெண்டைக்கால் தொட்டாலே வலித்து, கண்ணும் சிவந்திருந்தால், வயல் நீரில் கலந்த எலிச் சிறுநீரால் வரும் லெப்டோஸ்பைரோசிஸ் காய்ச்சலைச் சந்தேகிக்க வேண்டும். அது சிறுநீரகத்தையும் பாதிக்கும். ஆன்டிபயாடிக் மருந்தைச் சீக்கிரம் தொடங்குவது முக்கியம். இன்றே அழைத்துச் செல்லுங்கள். கையில் சூடு வைக்க யாரையும் விடாதீர்கள்.

எட்டு மாத கர்ப்பிணி மகளுக்குக் கண் மஞ்சள். பிரசவம் வரை பொறுக்கலாமா? — தேவிபட்டினம் வாசகி

ஒரு நாள்கூடப் பொறுக்க வேண்டாம். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் ஹெபடைட்டிஸ் இ வந்தால் நூற்றில் 20 பேர் வரை இறக்கக்கூடும். பெரிய மருத்துவமனையில் உடனே சேருங்கள்.

எனக்குக் கல்லீரல் சுருக்கம் என்று சொல்லியிருக்கிறார்கள். கடற்பாசி எடுக்க இறங்கலாமா? கருவாடு சாப்பிடலாமா? — பாம்பன் வாசகி

உங்கள் பிழைப்பு கடலில் இருக்கிறது என்பது தெரிந்தே எழுதுகிறேன்: கையிலோ காலிலோ சிறு கீறல் இருக்கும் நாளில்கூட இறங்காதீர்கள். வெதுவெதுப்பான கடல்நீரில் வாழும் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற கிருமி ஆரோக்கியமானவர்களை அதிகம் தொடுவதில்லை. கல்லீரல் சுருங்கியவர்களின் உடம்பில் காயம் வழியாக நுழைந்தால் சில மணி நேரத்தில் இரத்தத்தில் பரவிவிடும். விரல்களில் நீங்கள் சுற்றிக்கொள்ளும் துணி பாறை கிழிக்காமல் ஓரளவு காக்கும், கிருமியைத் தடுக்காது. நண்டும் சிப்பியும் நன்றாக வெந்த பிறகே சாப்பிட வேண்டும். கருவாட்டின் உப்பு வயிற்றில் நீரைச் சேர்க்கும் என்பதால் அதை விட்டுவிடுங்கள். பச்சை மீன் குழம்பை உப்புக் குறைத்துத் தாராளமாகச் சாப்பிடலாம், உங்கள் உடம்புக்குப் புரதம் தேவை.

கடலில் காயம் பட்டுவிட்டால் நல்ல தண்ணீரிலும் சோப்பிலும் கழுவுங்கள். அந்த இடம் வேகமாக வீங்கினாலோ, ஊதா நிறக் கொப்புளம் வந்தாலோ, குளிர் காய்ச்சல் அடித்தாலோ இரவென்றும் பாராமல் கிளம்புங்கள். அங்கே முதலில் பார்க்கும் மருத்துவரிடம், எனக்குக் கல்லீரல் சுருக்கம் இருக்கிறது, இது கடல்நீரில் பட்ட காயம் என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.