19 அடிப் படகா, 24 அடியா? நான்கு பேர் குடும்பத்துக்கு எதை வாங்கலாம்?

நீங்கள் சொன்னதிலிருந்து நான் புரிந்துகொண்டது: நான்கு பேர் குடும்பம், பெரும்பாலும் அகலமான ஓர் ஏரி, கோடையில் சில தடவை கரையோரக் கடல். டிரெய்லரில் இழுத்துப் போகத் திட்டம். 19 அடிப் படகில் 115 குதிரைத்திறன், 24 அடியில் 250. இரண்டிலும் ஒற்றை அவுட்போர்டு மோட்டார், அதாவது படகின் பின்னால் வெளியே மாட்டும் மோட்டார்.

உங்கள் வண்டி இழுக்குமென்றால் 24 அடியையே வாங்குங்கள். இருக்கை அதிகம் என்பதற்காகச் சொல்லவில்லை, கரைக்குத் திரும்பும் நேரத்தை நினைத்துச் சொல்கிறேன். காலையில் ஏரி அசையாமல் கிடக்கும். நிலம் சூடேறச் சூடேறக் காற்று எழும்பிப் பிற்பகலில் அலை கிளம்பிவிடும். காற்று தடையில்லாமல் ஓடும் நீர்ப்பரப்பு எவ்வளவு நீளமோ, அலையும் அந்த அளவுக்கு வளரும். ஏரியில் அது குட்டையாக, செங்குத்தாக, அடுத்தடுத்து வரும். பிள்ளைகள் நனைந்து களைத்திருக்கும் அந்த வேளையில்தான் பல நாள் எதிர்காற்றில் வர வேண்டியிருக்கும். 19 அடிப் படகு ஒவ்வொரு அலையிலும் ஏறி, தொப்பென்று அடித்து விழும். வேகத்தைக் குறைத்தாலோ, நீரின்மேல் வழுக்கி ஓடும் நிலை போய், அணியத்தை, அதாவது முன்பகுதியை, தூக்கிக்கொண்டு தண்ணீரை உழ ஆரம்பிக்கும். எதிரே வருவது கண்ணுக்குத் தெரியாது, பெட்ரோலும் கூடச் செலவாகும். 24 அடிப் படகும் குலுங்கத்தான் செய்யும். ஆனாலும் அதே அலையில் ஒரு நிதானமான வேகத்தில் ஓட்டிக்கொண்டு வந்துவிடலாம்.

காரணம் நீளம் மட்டும் இல்லை. 19-லிருந்து 24 என்றால் நீளம் கால் பங்குதான் கூடுகிறது. ஆனால் அகலமும் ஆழமும் சேர்ந்தே வளர்வதால் எடை ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடுகிறது. அலையில் அந்த எடை நமக்கு உதவும்.

அடிப்பாகம் எவ்வளவு கூர்மை என்றும் விற்பவரிடம் கேளுங்கள். அமரத்தில், அதாவது படகின் பின்முனையில், அடிப்பாகம் கிடைமட்டத்திலிருந்து மேலே சரியும் கோணம் 20 டிகிரிக்கு மேல் இருந்தால் அலை மோதும் அதிர்ச்சி குறையும். 1960-இல் அமெரிக்காவின் மயாமியிலிருந்து பஹாமாஸ் தீவுகளின் நசாவ் வரை நடந்த பந்தயத்தில், ரே ஹன்ட் வடிவமைத்த ஆழமான ‘வி’ அடிப்பாகம் கொண்ட ரிச்சர்ட் பெர்ட்ராமின் படகு, சாம் கிரிஃபித் ஓட்ட, கொந்தளித்த கடலில் ஜெயித்தது. அதற்குப் பிறகுதான் அந்த வடிவம் உலகெங்கும் பரவியது. தட்டையான அடிப்பாகமுள்ள 24 அடிப் படகைவிடக் கூர்மையான 19 அடிப் படகு சில நாட்களில் சுகமாக ஓடவும் கூடும். கூர்மை கூடினால் நிறுத்தி வைத்திருக்கும்போது பக்கவாட்டு ஆட்டம் கொஞ்சம் அதிகம், எஞ்சினும் பெரிதாக வேண்டும். நீங்கள் சொன்ன இரண்டின் கோணமும் தெரியாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

பெட்ரோல் விஷயத்துக்கு ஒரு பொதுக் கணக்கு உண்டு. முழு வேகத்தில் ஒவ்வொரு 100 குதிரைத்திறனுக்கும் மணிக்குச் சுமார் 35 முதல் 40 லிட்டர். 250 குதிரைத்திறன் மோட்டார் என்றால் 90 லிட்டரைத் தொடும். சாதாரண வேகத்தில் இது பாதிக்கும் கீழே இறங்கும், ஆனாலும் சின்னப் படகைவிடச் செலவு அதிகம்தான். எதை வாங்கினாலும் டாங்கியில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, மீதி ஒரு பங்கைத் தொடக் கூடாது.

இழுப்பதுதான் உண்மையான சிக்கல். பட்டியலில் போட்டிருக்கும் எடையில் பெரும்பாலும் எஞ்சின், எரிபொருள், டிரெய்லர் எதுவும் சேராது. 200 லிட்டர் பெட்ரோல் மட்டுமே 150 கிலோ. அப்புறம் சாமான்கள். எல்லாம் சேர்ந்தால் 24 அடி மூன்று டன்னை நெருங்கிவிடலாம். இந்த மொத்தத்தை வண்டியின் இழுதிறனோடு ஒப்பிடுங்கள். நூலிழையில் பொருந்தினால் போதாது. அகலத்தையும் பாருங்கள்: ஐரோப்பாவில் 2.55 மீட்டர், அமெரிக்காவின் முக்கியச் சாலைகளில் 2.59 மீட்டர் தாண்டினால் தனி அனுமதி வேண்டும். பக்கக்காற்றில் கரை சேர்க்கும்போதும் 24 அடி அதிகமாகத் தள்ளப்படும். கயிறு பிடிக்க ஒருவர் கூட இருந்தால் நல்லது, நீங்கள் நால்வர் என்பதால் அது பெரிய கஷ்டம் இல்லை.

எத்தனை பேர் ஏறலாம் என்று படகில் பதித்திருக்கும் தகட்டில் எட்டுப் பேர் என்று இருந்தால் அது பாதுகாப்புக்கான உச்ச வரம்பு. எட்டுப் பேர் காலை நீட்டி உட்காரலாம் என்று அர்த்தம் இல்லை. 19 அடியில் நான்கு பேரும் உங்கள் சாமான்களும் ஏறினாலே இடம் முடிந்துவிடும்.

சோதனை ஓட்டம் கேளுங்கள், கண்டிப்பாகப் பிற்பகலில். குடும்பம் முழுவதும் ஏறட்டும், டாங்கி நிரம்பியிருக்கட்டும். எதிர் அலையில் ஓட்டிப் பாருங்கள், பிறகு எஞ்சினை நிறுத்திவிட்டு அலைக்குக் குறுக்கே சிறிது நேரம் மிதந்து பாருங்கள். பிள்ளைகள் உட்காரப்போகும் முன் இருக்கையில் ஒரு முறை நீங்களே உட்காருங்கள், அங்கேதான் அலையின் அடி அதிகம்.

வண்டி இழுக்காது, தண்ணீரிலேயே கட்டி வைக்கவும் இடம் இல்லை என்றால் 19 அடியை வாங்குங்கள். ஏரிக்கு அது நல்ல படகுதான். கடலுக்கு மட்டும் காற்று அடங்கிய காலைகளில் போய், காற்று கிளம்பும் முன்பே கரை சேர்ந்துவிடுங்கள்.