டீப் ஸ்லீப்பில் போட்டும் பேட்டரி ஏன் தாங்கவில்லை?

கேள்வி: மாடித் தோட்டத்தில் மண் ஈரம் பார்க்க வைஃபை உள்ள சிறு கணினிச் சிப்பான இஎஸ்பி32 கொண்ட ஒரு போர்டு வைத்திருக்கிறேன். அரை மணிக்கு ஒருமுறை விழித்து, வைஃபையில் அளவை அனுப்பிவிட்டு டீப் ஸ்லீப்புக்கு, அதாவது சிப்பின் பெரும்பகுதி அணைந்திருக்கும் தூக்கத்துக்குப் போகிறது. 2500 எம்ஏஎச் (மில்லிஆம்ப்-மணி) கொண்ட 18650 பேட்டரி இரண்டு வாரம்தான் தாங்குகிறது. அதைவிட ஆழ்ந்த தூக்கமான ஹைபர்னேஷனுக்கு மாற்றினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. டீப் ஸ்லீப்பில் சிப் இழுப்பது சுமார் 10 மைக்ரோஆம்ப், ஹைபர்னேஷனில் 5. மிச்சமாவது ஒரு நாளைக்கு 0.12 எம்ஏஎச்தான். அதற்காக டீப் ஸ்லீப்பிலும் அழியாத சிறு நினைவகமான ஆர்டிசி மெமரியில் சேமித்ததையெல்லாம் இழக்க வேண்டும்.

ஒரு நாள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒவ்வொரு முறையும் 4 நொடி விழித்திருக்கிறது, சராசரியாக 120 மில்லிஆம்ப் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 48 முறைக்கு 6.4 எம்ஏஎச். தூக்கத்துக்கு 0.24. பேட்டரியில் 2000 எம்ஏஎச் மட்டுமே பயன்பட்டாலும் 300 நாள் ஓட வேண்டும்.

ஓடவில்லை என்றால், மின்சாரம் சிப்புக்கு வெளியே போய்க்கொண்டிருக்கிறது. பல டெவலப்மென்ட் போர்டுகளில் வோல்டேஜைச் சிப்புக்கு ஏற்றபடி குறைத்துக் கொடுக்க ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர்தான் இருக்கும். சிப் தூங்கினாலும் அது தூங்காது. தன் பங்குக்கு மட்டும் சுமார் 5 மில்லிஆம்ப் எடுத்துக்கொண்டே இருக்கும். அது நாளுக்கு 120 எம்ஏஎச்! இப்போது வகுத்துப் பாருங்கள், 16 நாள் வரும். உங்கள் இரண்டு வாரம் அங்கேதான் போகிறது. எப்போதும் எரியும் பவர் எல்இடி இருந்தால் இன்னும் குறையும்.

அதனால் முதலில் போர்டை மாற்றுங்கள். ரெகுலேட்டர் இல்லாத வெறும் மாட்யூலை வாங்கி, எச்டி7833 போன்ற ரெகுலேட்டரோடு இணையுங்கள். அது தனக்கென எடுப்பது 4 மைக்ரோஆம்ப் அளவுதான். வைஃபை அனுப்பும் கணத்தில் சிப் 240 மில்லிஆம்ப் வரை இழுக்கும் என்பதால் பக்கத்திலேயே 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றையும் வையுங்கள். ஈர சென்சாருக்கு நேரடியாக மின்சாரம் கொடுக்காமல் புரோகிராமால் ஆன்-ஆஃப் செய்யக்கூடிய ஒரு ஜிபிஐஓ பின்னிலிருந்து கொடுத்தால், அளக்கும் நேரம் மட்டும் உயிரோடு இருக்கும். பேட்டரி வோல்டேஜ் பார்க்க இரண்டு 100 கிலோஓம் ரெசிஸ்டர் போட்டிருக்கிறீர்களா? அந்த ஜோடியே 20 மைக்ரோஆம்ப் குடிக்கும், தூங்கும் சிப்பைப் போல இரண்டு மடங்கு.

சரி, எந்த மோட் எப்போது? லைட் ஸ்லீப்பில் சுமார் 0.8 மில்லிஆம்ப் போகும், ஆனால் நினைவகம் அப்படியே இருக்கும், விட்ட இடத்திலிருந்து உடனே தொடரலாம். டீப் ஸ்லீப்பிலிருந்து எழுவது ரீசெட் ஆவது போலத்தான். முதலிலிருந்து பூட் ஆக வேண்டும். பூட்டுக்கு 0.3 நொடி, 40 மில்லிஆம்ப் என்று வைத்தால், லைட் ஸ்லீப்பில் 15 நொடி இருப்பதும் ஒரு பூட்டும் ஒரே செலவு. 15 நொடிக்குள் மறுபடி எழ வேண்டிய வேலைக்கு லைட் ஸ்லீப், அதைவிட நீண்ட தூக்கத்துக்கு டீப் ஸ்லீப். உங்களுடையது அரை மணி, எனவே மோடை நீங்கள் சரியாகவே தேர்ந்திருக்கிறீர்கள்.

ரெகுலேட்டரைச் சரி செய்தபின் மிஞ்சும் பெரிய செலவு வைஃபை. ரூட்டரின் சேனலையும் பிஎஸ்எஸ்ஐடியையும் (அதன் வைஃபை முகவரி) ஆர்டிசி மெமரியில் வைத்து, நிலையான ஐபி கொடுத்தால் இணைப்பு நேரம் நன்றாகக் குறையும். மண் ஈரம் அரை மணிக்குள் பெரிதாக மாறாத நாட்களில் அனுப்பாமலே தூங்க விடலாம். ஆனால் பூட் ஆனதும் வைஃபையைத் தொடாமல், அளந்து பார்த்தபின் முடிவெடுக்கும்படி புரோகிராமை எழுதுங்கள்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். கரண்ட் போனால் ரூட்டரும் போகும். இணைப்பு கிடைக்கும்வரை முயற்சி செய்யும் புரோகிராமாக இருந்தால், 120 மில்லிஆம்பில் 2000 எம்ஏஎச் சுமார் 17 மணி நேரத்தில் காலி. பத்து நொடி கெடு வையுங்கள், கிடைக்காவிட்டால் தூங்கப் போகட்டும்.

மாற்றியபின் மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். மைக்ரோஆம்ப் ரேஞ்சில் மீட்டரின் உள்தடை அதிகம். வைஃபை எழும்போது வோல்டேஜ் விழுந்து சிப் ரீசெட் ஆகிக்கொண்டே இருக்கும். மீட்டரின் இரு முனைகளையும் ஒரு ஒயரால் இணைத்து வைத்து, சிப் தூங்கியதும் ஒயரை எடுங்கள், எழுவதற்குள் திரும்பப் போட்டுவிடுங்கள். 20 மைக்ரோஆம்புக்குள் காட்டினால் நல்லது. மில்லிஆம்பில் காட்டினால், இன்னும் ஏதோ ஒரு பாகம் தூங்காமல் இருக்கிறது. ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள்.