தென்னந்தோப்பை ஈடு வைக்காதீர்கள். மகளின் சீஆர் கொப்பியைப் பாருங்கள்

நிலாவெளியிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

மகள் உயர்தர உயிரியல் பிரிவில் மூன்று பாடமும் சித்தி, ஆனால் மருத்துவத்துக்குப் பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி காணாது, கள்ளிறக்கி வினாகிரி செய்யும் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் நித்திரையில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கவலை விளங்குகிறது. பிள்ளைக்கு வழி இருக்கிறது. ஆனால் தோப்பை ஈடு வைத்து வெளிநாட்டில் மருத்துவம் படிப்பிக்கும் யோசனையை இன்றோடு விட்டுவிடுங்கள்.

"மூன்று தலைமுறை கள்ளோடு கிடந்தது போதும், வீட்டில் ஒரு டொக்டர் வரட்டும்" என்கிறார் பெரியப்பா. ஈட்டு வட்டி கட்டப்போவது அவரல்ல. ஐந்தாறு வருடத்துக்குக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் டொலரில் போகும். 2022இல் ஒரு சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியபோது, வெளிநாட்டில் பிள்ளைகளைப் படிப்பித்த குடும்பங்கள் பட்ட பாட்டை மறக்கக் கூடாது. பட்டத்தோடு திரும்பி வந்தாலும், இலங்கை மருத்துவ சபைக்கான பரீட்சையில் தேறிய பிறகுதான் உள்ளகப் பயிற்சி. கள்ளும் வினாகிரியும் தரும் வருமானத்துக்கு அடியே அந்தத் தோப்புத்தான். அதை ஈடு வைத்துவிட்டு அப்பா எதை இறக்குவார்? எல்லாவற்றுக்கும் மேலாக, மருத்துவம் வேண்டுமென்று மகள் கேட்டதாகக் கடிதத்தில் ஓரிடத்திலும் இல்லை.

முகாமைத்துவம், ஐ.டி., ஆசிரியத் தொழில் பற்றி நான் எழுதப்போவதில்லை. அவற்றை ஊரில் யாரும் சொல்வார்கள். நீங்கள் கடைசியில் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போன விஷயத்தைப் பிடிக்கிறேன். மகள் சீஆர் கொப்பியில் ஒவ்வொரு பீப்பாய்க்கும் திகதி போட்டுப் புளிப்பை எழுதி வைக்கிறார். கச்சான் என்ற வெக்கைக் காற்று அடிக்கும் மாதங்களில் வாசல் பக்கத்துப் பீப்பாய் ஏன் பிழைக்கிறது என்று அப்பாவைக் கேட்டபடி இருக்கிறார். இந்தக் கேள்வியைப் படிப்பாக எடுத்துப் படிக்கலாம். அதன் பெயர் உணவு விஞ்ஞானமும் தொழினுட்பமும்.

மகளின் கேள்விக்கு அந்தத் துறை தரும் பதிலைப் பாருங்கள். தென்னங்கள்ளில் மதுவம் (ஈஸ்ட்) ஓரிரு நாளில் சீனியைத் தின்று, ஆறேழு வீதம் மதுசாரமாக்கிவிடும். பிறகு அந்த மதுசாரத்தைப் புளிப்பான அசற்றிக் அமிலமாக்கும் வேலை அசற்றிக் பற்றீரியாவுடையது. அதற்குக் காற்று வேண்டும். பீப்பாயை நிரம்ப ஊற்றாமல் வாயைத் துணியால் கட்டுவது அதற்காகத்தான். 30 பாகை செல்சியஸ் அளவில் அது நன்றாக வேலை செய்யும். கச்சான் வெக்கையில் கொட்டில் 35ஐத் தாண்டினால் பற்றீரியா சோர்ந்துவிடும், மதுசாரமும் ஆவியாகப் போகும், புளிப்பு ஏறாமல் நின்றுவிடும். வாசல் பீப்பாயை நிழலான மூலைக்கு மாற்றி, ஈரச் சாக்குப் போர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள். இன்னொரு பிழை இதற்கு நேர்மாறானது. மதுசாரம் முழுவதும் தீர்ந்த பிறகும் பீப்பாய் திறந்து கிடந்தால், அதே பற்றீரியா தான் ஆக்கிய அமிலத்தையே நீராகவும் காபனீரொட்சைட்டாகவும் எரித்துவிடும். நல்ல புளிப்பாக இருந்த வினாகிரி சப்பென்று போவது அப்படித்தான். அரை வீதம் அளவு மதுசாரம் மிச்சமிருக்கும்போதே வடித்து, 65 முதல் 70 பாகைக்குச் சூடாக்கி, போத்தலைக் கழுத்துவரை நிரப்பி மூட வேண்டும். இனிப்பு நீர் இறக்கச் சுண்ணாம்பு பூசிய முட்டி கள்ளு முட்டிகளோடு கலந்துவிட்டாலும் புளிப்பில் ஒரு பங்கு போய்விடும். சுண்ணாம்பு அமிலத்தை நடுநிலையாக்கிவிடுகிறது.

நாக்கால் பார்த்த புளிப்பை எண்ணாக்குவதும் மகளுக்குத் தெரிந்த நியமிப்புத்தான், அதாவது அமிலத்தைக் காரத்தால் அளக்கும் சோதனை. 5 மில்லிலீற்றர் வினாகிரியில் நிறங்காட்டியான பினோத்தலீன் இரண்டு துளி விட்டு, 0.5 நோர்மல் செறிவுள்ள சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசலை அளவியிலிருந்து (பியூரெற்று) சொட்டுச் சொட்டாக விட வேண்டும். இளஞ்சிவப்பு நிலைக்கும்போது செலவான மில்லிலீற்றரை 0.6ஆல் பெருக்கினால் அமில வீதம். 6.7 மில்லிலீற்றர் போனால் 4 வீதம்; அதற்குக் குறைந்ததை வினாகிரி என்று விற்கக் கூடாது. தண்ணீரில் அசற்றிக் அமிலம் கலந்த செயற்கைச் சரக்கோடு விலையில் உங்களால் மல்லுக்கட்ட முடியாது. ஒவ்வொரு தொகுதிக்கும் சோதனை எண்ணும் சரியான லேபலும் இருந்தால்தான் ஹோட்டல்களும் சுப்பர் மார்க்கற்றுகளும் திரும்பிப் பார்க்கும்.

பேராதனையிலும் ஸ்ரீ ஜயவர்தனபுரவிலும் இந்தப் பட்டம் இருக்கிறது. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக விவசாய பீடத்தையும் அடுத்த தெரிவாக வைத்திருங்கள். அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக் கட்டணம் இல்லை. தகுதியிருந்தால் மகாபொல உதவியும் உண்டு. கல்வியில் பின்தங்கியவை என்று வகுக்கப்பட்ட 16 மாவட்டங்களில் திருகோணமலையும் ஒன்று என்பதால், அந்த ஒதுக்கீட்டிலும் மகளுக்கு வாய்ப்பிருக்கிறது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை வாங்கி, கடந்த வருட வெட்டுப்புள்ளியை எங்கள் மாவட்ட நிரலில் பாருங்கள், கொழும்பு நிரலில் அல்ல. விண்ணப்பத்தில் தெரிவு வரிசை முக்கியம். மேலிருந்து கீழாகப் பார்த்து, புள்ளி காணும் முதல் தெரிவைத்தான் தருவார்கள். உறவினரைத் திருப்திப்படுத்த வேறொன்றை மேலே போட்டால் அதுதான் கிடைக்கும். விரிவுரைகள் ஆங்கிலத்தில் நடக்கும். அனுமதி வரும்வரை கிடைக்கும் மாதங்களை ஆங்கிலத்துக்கே செலவிடட்டும். தவறவிட்டால் முதல் வருடம் பெரும்பாடாகிவிடும்.

"பொம்பிளைப்பிள்ளைக்குக் கள்ளுக் கொட்டிலா" என்று கேட்பவர்களுக்கு ஒரு விஷயம். இத்தாலியில் புளோரன்ஸ் நகரத்து அன்ரினோரி குடும்பம் 1385 முதல் வைன் தொழிலில் இருக்கிறது. இன்று 26ஆவது தலைமுறையாக அதைக் கொண்டு நடத்துபவர்கள் மூன்று சகோதரிகள். உங்கள் கொட்டிலுக்கு மூன்று தலைமுறைதான் ஆகிறது. பரம்பரைத் தொழிலை வெட்கமென்று சொல்லி ஒரு பிள்ளையின் விருப்பத்தை முறிப்பதை நான் ஒருபோதும் சரியென்று சொல்லமாட்டேன்.

அப்பாவுக்கும் வேலை இருக்கிறது. மதுவரித் திணைக்கள அனுமதிப்பத்திரம் யார் பெயரில் இருக்கிறது, எப்போது புதுப்பிக்க வேண்டும், காணி உறுதி எங்கே என்பதை மகளுக்குக் காட்டிக்கொடுக்கட்டும். அனுமதி தாத்தாவின் பெயரிலேயே கிடந்தால் இப்போதே மாற்றத் தொடங்குங்கள். பட்டத்தோடு வரும் பிள்ளையைக் கந்தோர் கந்தோராக அலைய விடாதீர்கள்.

விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முன்பு பெறுபேற்றுத் தாளையும் அந்தக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு மூவருமாக வாருங்கள். பெரியப்பாவும் வரலாம். தெரிவு வரிசையை மட்டும் மகள்தான் நிரப்ப வேண்டும்.